குளிப்பாட்டியதும் அணையும் ஹீட்டர்

என்னோடு சந்தேகமும் கூடப் பிறந்தது என்று என் மனைவி சொல்வாள். தேயிலை ஃபேக்டரியில் இலையை உலர்த்தும் டிரையரைப் பார்த்துக்கொண்டவனுக்கு அது இல்லாவிட்டால் பிழைப்பு நடக்காது. கொஞ்சம் அசந்தால் தூள் கருகிவிடும்.

தலைப்பிரசவம் முடிந்து மகள் மூணாறு பக்கம் சின்னக்கானலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, குளிருக்குப் பயந்து மருமகன் ஓர் அறையையே மாற்றிவிட்டார். சூடும் குளிரும் தருகிற ஏசி. அதை நடத்த, சுவரில் தெர்மோஸ்டாட் என்று உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி. சூடு வெளியே போகாமலிருக்க ஜன்னல் இடுக்கிலும் கதவு இடுக்கிலும் ரப்பர் பட்டையை அவரே ஒட்டினார். கோயம்புத்தூரில் உட்கார்ந்தபடி போனிலேயே சூட்டைக் கூட்டலாம், குறைக்கலாமாம். என் வீட்டுக் குளிர் அவர் கையில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

வந்த புதிதில் ஒழுங்காகத்தான் ஓடியது. குழந்தைக்குத் தொப்புள்கொடி விழுந்து தலைக்கு ஊற்ற ஆரம்பித்த பிறகுதான் கோளாறு. காலையில் குளிப்பாட்டி முடிக்கும் நேரம் பார்த்து ஏசியின் ஹீட்டர் தானாக அணைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் மகளுக்குத் தலைவலி, குமட்டல். குழந்தையும் பால் குடிக்காமல் தூங்கி வழிந்தது.

"அந்த மிஷினு பச்ச ஒடம்ப உறிஞ்சுதுங்க. கழட்டிப் போடுங்க" என்றாள் மனைவி.

மருமகன் போனில் வந்தார். "மாமா, நீங்க யாராச்சும் ஆஃப் பண்றீங்களா?"

"நாங்க எதுக்கு மாப்ள தொடப்போறோம்? ஒங்க கைதான் போன்ல பட்டுருதோ என்னமோ."

"இது சரிவராது மாமா. ஞாயித்துக்கெழம வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன்."

பச்சைக் குழந்தையை மலைப்பாதையின் அத்தனை வளைவிலும் தூக்கிக்கொண்டு போவதா? அவருக்கு மகளை இங்கே விட முதலிலிருந்தே மனமில்லை, அதற்குத்தான் இந்த நாடகம் என்று முடிவு கட்டினேன். ஆத்திரமாக வந்தது.

பெட்டியைக் கழற்றி பேட்டரி மாற்றினேன். வைஃபையை அணைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் அதே நேரத்தில் ஹீட்டர் நின்றது. மருமகன் கை இல்லை என்று தெரிந்தும் சந்தேகம் முழுதாகப் போகவில்லை. மூணாறிலிருந்து வந்த மலையாளி மெக்கானிக் தூசியை ஊதிவிட்டு, "ஒரு கொழப்பமும் இல்ல சாரே" என்று போய்விட்டார். அவர் மேலும் சந்தேகப்பட்டேன். கடைசியில், ஃபேக்டரியில் மீட்டரை நம்பாதபோது செய்வதைப்போல, பெட்டிக்குப் பக்கத்தில் பழைய தெர்மாமீட்டர் ஒன்றைத் தொங்கவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் இரண்டும் ஒரே சூட்டைக் காட்டின.

பெட்டியில் கோளாறு இல்லை. அப்படியானால் காலையில் அந்த அறையில் என்னதான் நடக்கிறது?

நான் பார்க்க வழியில்லை. குளிப்பாட்டும் நேரத்தில் ஆம்பிளைகள் உள்ளே போகும் வழக்கம் எங்களிடம் இல்லை. மருமகனிடமே கேட்டேன். பெட்டி அனுப்பும் கணக்கைப் படமாக அனுப்பினார். அறையின் சூடு நாள் முழுக்க ஒரு கோடாகப் போய், காலையில் மட்டும் செங்குத்தாக ஏறியிருந்தது. ஹீட்டர் சூடு அப்படி ஏறாது, மெல்ல ஏறும். டிரையர் அடுப்பில் கட்டை போட்டதும் ஏறுகிற ஏற்றம் அது.

மறுநாள் காலை அறையில் பேச்சுச் சத்தம் அடங்கியதும், தட்டாமல் கதவைத் தள்ளினேன். பெட்டிக்கு நேர் கீழே ஒரு சட்டி நிறையக் கங்கு. அந்தச் சூட்டை அறையின் சூடு என்று எண்ணித்தான் பெட்டி ஹீட்டரை நிறுத்தியிருக்கிறது. அதன்மேல் கூடையைக் கவிழ்த்து மகள் தலைமுடியைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். மனைவி குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டிக்கொண்டிருந்தாள். புகையே கூடாதென்று மருமகன் முதல் நாளே சொல்லியிருந்ததால், பின்வாசல் வழியாக எனக்கும் தெரியாமல் நடந்த ஏற்பாடு. மகளைப் பெற்றபோது எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இதையேதான் செய்தோம். ஆனால் லயத்துத் தகரக் கூரையில் ஆயிரம் ஓட்டை. இங்கே ஈ நுழைய இடமில்லை.

"தல சுத்துதுப்பா" என்று சொல்லிக்கொண்டே மகள் சரிந்தாள்.

குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு, மகளையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். குழந்தை அழவில்லை. பனிக்காற்று முகத்தில் பட்ட பிறகுதான் வீரிட்டது. அப்படியே இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் கொடுத்து, மறுநாள் வரை வைத்திருந்து அனுப்பினார்கள். மூடிய அறையில் கங்கு விடுகிற காற்றே விஷம், அதற்கு மணமும் கிடையாது என்றார் டாக்டர். மனைவி அழுதபடி, "மாப்ளகிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்றாள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"ரப்பர் ஒட்டுனது நான்தானே மாமா" என்றார் மருமகன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர் கூட்டிக்கொண்டு போகவில்லை. ரப்பர் பட்டையை உரித்து எடுத்தார். மறுநாள் மனைவி குழந்தையைக் குளிப்பாட்டித் துண்டால் துவட்டும்போது நானும் அறைக்குள் நின்றேன். யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. மருமகன் வாசலில் போனைப் பார்த்தபடி, "கோடு ஏறல மாமா" என்றார். எனக்கு அது போதவில்லை. குனிந்து கட்டிலுக்கு அடியில் கங்குச் சட்டி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.