தாலிப் படமும் மூன்று கள்ளர் கூட்டமும்

கிளிநொச்சியில் நான் நடத்தும் ஸ்டூடியோவின் கணினியை ஒரு காலை திறந்தால், படங்கள் வீடியோக்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. திறக்க வேண்டுமானால் எங்களுக்கு எழுது என்று திரையில் ஓர் அறிவிப்பு. அவர்கள் கேட்ட விலைக்குக் கடையோடு என்னையும் சேர்த்து விற்றாலும் காணாது.

அன்று மத்தியானமே, போன கிழமை நான் படமெடுத்த கலியாணத்தின் மணப்பெண் கண்டாவளையிலிருந்து வந்துவிட்டாள். மாப்பிள்ளை கலியாணம் முடிந்த கையோடு கனடா திரும்பியிருந்தார்.

“அண்ணா, தாலி கட்டுற படம் ஒண்டாவது தாங்கோ. அது இல்லாட்டி கலியாணமே பொய் எண்டு சொல்லி விசா தரமாட்டினம்,” என்று அழுதாள். சொந்தக்காரரின் கைபேசிகளில் இருந்ததெல்லாம் அவரவர் முகமும் பந்தியும்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்க்கு வந்தபடி ஏசி எழுதினேன். மெஷினில் போட்டெடுத்த தமிழில் பதில் வந்தது: “மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, நாங்கள் பேசும் பிரிவு மட்டுமே. உள்ளே நுழைந்தது வேறு குழு. பூட்டுச் செய்து வாடகைக்குக் கொடுப்பது இன்னொரு குழு. உங்கள் ஏச்சை உரியவர்களிடம் சேர்ப்போம்.”

எந்த அரசாங்கக் கந்தோரிலும் எனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

நம்பிக்கைக்காக ஒரு படம் இலவசமாகத் திறந்து காட்டுவார்களாம். பூட்டிய படங்களில் எண் மட்டும்தான் தெரியும். கெட்டிமேளத்தின்போது நான் விடாமல் அமுக்கியவற்றில் ஒன்றைக் குத்துமதிப்பாக அனுப்பினேன். திறந்து வந்தது. படம் நிறைய என் மச்சானின் முதுகு. மச்சான்தான் எங்கள் கடையின் வீடியோக்காரன். மணவறைக்கு முன்னால் நாங்கள் இருவரும் இடிபடாத கலியாணமே இல்லை; விலத்தி நில் என்றால் அவன் ஒதுங்கவே மாட்டான்.

“அவர் எங்கை அண்ணா?” என்றாள் பிள்ளை.

கள்ளனும் அதையே கேட்டான்: “மணமகன் எங்கே?”

முதுகுக்குப் பின்னால் என்று எழுதினேன். விசாக் கதையையும் எழுதி, வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். இன்னொன்று திறக்கப் பூட்டுக்காரரின் அனுமதி வேண்டும், அவர்கள் தரமாட்டார்கள் என்றான். பிறகு என்ன நினைத்தானோ, அடுத்த படத்தை அனுப்பச் சொன்னான்.

திறந்து வந்த அந்தப் படத்தில் மாப்பிள்ளையின் முகம், தாலி, பிள்ளையின் குனிந்த கழுத்து எல்லாம் இருந்தன. கூடவே ஒரு வரி: “பூட்டுக்காரரிடம் சொல்ல வேண்டாம். அவர்களை நம்பாததால் சாவியில் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறோம்.”

எனக்கும் கண் கலங்கியது. பிள்ளை முகத்தைத் துடைத்துக்கொண்டு, கமராவோடு மூலையில் நின்ற மச்சானைப் பார்த்தாள்.

“கள்ளரே விலத்தி விட்டிட்டினம். நீங்கள் விலத்தேல்லையே அண்ணா!”