பாய் கேட்ட ஊசி

நான் தொடை எலும்பு முறிந்து திருச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டிலில் ஒரு பாயும் கால் முறிந்து படுத்திருந்தார். துபாயிலிருந்து விடுமுறையில் வந்தவர். நரைத்த தாடி, ஒட்டிய கன்னம். இரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போடும் ஊசியை அவர் மனைவியே போடப் பழகியிருந்தார். அவர் ஊசியைப் பார்க்க மாட்டார். மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் டாக்டர், "ஊசியை நிறுத்திடலாம் பாய். சீக்கிரமே பிளேன் ஏறலாம்" என்றார்.

"இன்னும் ஒரு மாசம் போட்டுக்கிறேனே டாக்டர்?"

"ஊசியைக் கண்டாலே நடுங்குவாரு, இப்ப கேட்டு வாங்குறாரு பாருங்க" என்று மனைவி சிரித்தார்.

"கல்யாணமானதிலேருந்து உன்கூடச் சேர்ந்தாப்ல இத்தனை நாள் நான் இருந்ததே இல்லையே" என்றார் அவர்.

மனைவி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திருச்சி கே.கே. நகரில் என் வீட்டுக்கு மேலே விமானம் போகும்போதெல்லாம், அவர் அதில் இருக்கக்கூடாது என்று நினைத்துக்கொள்கிறேன்.