என் பேர்ல ஏறின மல்லாட்டை மூட்டை

எனக்குப் படிப்பு கெடையாதுங்க. நான் சொல்லச் சொல்ல எதுத்த வூட்டு டீச்சரம்மா எழுதறாங்க. முதியோர் பென்ஷன்லதான் என் பொழப்பு ஓடுது.

போன மாசம் திண்டிவனம் தாலுகா ஆபீசுல விசாரணைன்னு கூப்ட்டாங்க. "நெலம் இல்லேன்னு பென்ஷன் வாங்கறீங்க, மார்க்கெட் கமிட்டியில நாப்பது மூட்டை மல்லாட்டை வித்திருக்கீங்களே பெரியவரே? பென்ஷன நிறுத்திக் கேசு போடணும்"ன்னாங்க ஆபீசரம்மா. அவ்ளோ வேர்க்கடலைய நான் எங்க வித்தேன்னு ரோசன பண்ணேன்.

அப்பறம்தான் ஞாபகம் வந்துச்சு. வண்டியில மயிலைக்காளை பூட்டி விழுப்புரம் போன காலத்துலேர்ந்து, நான் வேல செய்யற நெலத்துக்குச் சொந்தக்காரரு, எங்க கொல்லைக்காரரு மூட்டைக்கு நான்தான் காவல். இந்த வாட்டி கமிட்டியில பேரு கேட்டப்ப, என் பேரச் சொல்லி ரேகை வெச்சிட்டேன். துட்ட அவருகிட்டதான் குடுத்தேன்.

போன் போட்டதும் அவரு வெதைப்ப வுட்டுட்டு, பட்டாவோட ஜல்தியா வந்துட்டாரு. "மூட்டை என்னுதும்மா, இவரு காவலுக்குப் போனவரு"ன்னு எழுதிக் குடுத்தாரு. என்னியப் பாத்து, "யோவ் பெருசு, கொல்லையையும் உன் பேர்ல எழுதிக்கினியா?"ன்னாரு. ஆபீசரம்மாவே சிரிச்சிட்டாங்க. பென்ஷன் நிக்கல. ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்.

இப்பெல்லாம் யாரு பேருன்னு படிக்கச் சொல்லிக் கேக்காம ரேகை வெக்கறதில்ல. இந்தக் கடுதாசியக்கூட ரெண்டு தரம் படிக்கச் சொன்னேன். டீச்சரம்மா மொறைக்கறாங்க.