புகைவழியில் கட்டிய மாலை

மைசூரில் எங்கள் வாசலில், வீடு போல அமைத்த வேனில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி தங்கியிருந்தார்கள். அந்த அம்மாவுக்குக் காய்ச்சல், இருமல். குளிருக்கு உள்ளே கேஸ் ஹீட்டர் ஓடியது. ஆயுத பூஜையன்று, சாமுண்டித் தாயை வேண்டிக்கொண்டு வேனுக்கும் பொட்டு வைத்தேன். பக்கவாட்டில் அசிங்கமாகத் தெரிந்த ஓட்டையை மறைத்துச் சாமந்தி மாலை கட்டினேன். அந்த அம்மாவின் கணவர் பதறி ஓடிவந்து அவிழ்த்தார்.

"பூஜை மாலையை அவுக்கறானே! வண்டிய எடுக்கச் சொல்லு!" என்று மகளிடம் கத்தினேன்.

அவரிடம் விசாரித்த என் மகள் சொன்னாள்: "அப்பா, ஹீட்டர் ஃபேன் சூட்டை மட்டும்தான் உள்ள தள்ளுமாம். கேஸ் எரியற புகை இந்த ஓட்டை வழியாத்தான் வெளிய போகணுமாம். அடைச்சா உள்ள இருக்கறவங்க உயிருக்கே ஆபத்தாம்."

"தாயைவிட இவன் ஓட்டை பெரிசா? போகச் சொல்லு!"

கொட்டும் மழையில் கிளம்பினார்கள். வேன் திரும்பியபோதுதான் பார்த்தேன். என் மாலை முன்கண்ணாடியில் தொங்கியது.

இன்றும் தாயின் முன் கைகூப்பினால், அந்த அம்மாவின் இருமல்தான் காதில் விழுகிறது.