தறிக்கு அனுப்பப்பட்டவர்கள்

பூர்ணிமாவின் அப்பா மில்லில் தறி ஓட்டியவர். டிசைன் படிக்கப் போனபோது அவள் நாற்காலி, மேசை செய்யும் பிரிவைத்தான் கேட்டாள். "மில்லுக்காரர் பொண்ணு, நெசவு ரத்தத்துலயே இருக்கும்" என்று நெசவில் தள்ளினார்கள். இப்போது நாற்பத்தெட்டு வயது. காலாப்பட்டுப் பக்கம் ஒரு தனியார் டிசைன் கல்லூரியில் அதே நெசவைத்தான் கற்றுத்தருகிறாள். ஒப்பந்த வேலை. இந்த மாதக் கடைசியில் முடிகிறது; புதுப்பிப்பது முதல்வர் அருள்முருகன் கையில். வீட்டில் வேறு சம்பளம் கிடையாது.

அன்று பெற்றோர் கூட்டம். முதல்வர் வழக்கம்போல ஜெர்மனியின் பௌஹவுஸ் டிசைன் பள்ளியில் ஆரம்பித்தார்.

"நூறு வருஷத்துக்கு முன்னாடியே அங்க ஆண், பெண்ணுன்னு பேதம் கெடையாது. புடிச்ச பட்டறையில புடிச்ச வேலை. இங்கயும் அதே முறைதான்."

முதல் வருட மாணவி இனியா எழுந்தாள்.

"சார், நான் மரவேலை கேட்டேன். நெசவு குடுத்திருக்கீங்க. எங்க வகுப்புப் பொண்ணுங்க அத்தனை பேரும் நெசவுலதான் இருக்கோம்."

முதல்வர் சிரிப்பை விடவில்லை. "பொண்ணுங்களுக்கு அதுல தனி ஈடுபாடும்மா. பூர்ணிமா மேடமே விரும்பி வந்தவங்கதான். அவங்களே சொல்லட்டும்."

மைக் பூர்ணிமா கைக்கு வந்தது. 'ஆமாம்' என்று ஒரு சொல் போதும், வேலை தங்கும். முன்வரிசையில் இனியாவின் அம்மா கமலவேணி, வைத்திக்குப்பத்தில் மீன் விற்பவள், இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் விரும்பி வரலைங்க, அனுப்பிச்சாங்க," என்றாள் பூர்ணிமா. "பௌஹவுஸ்லயும் சமம்னு சொல்லித்தான் சேத்தாங்க. சேந்த பொண்ணுங்கள்ல பெரும்பாலானவங்களைத் தறிக்குத்தான் அனுப்பினாங்க. சார் சொன்னது சரி. இங்கயும் அதே முறைதான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். கமலவேணி சிரிக்கவில்லை.

"ஜெர்மனி கதையெல்லாம் இருக்கட்டும் சார். எம் பொண்ணுக்கு மரமா, தறியா? இப்பவே சொல்லுங்க. கூடையைப் பக்கத்துக்காரிகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். இந்நேரம் பாதியை வித்துக் காசைத் தன் மடியில முடிஞ்சிருப்பா."

அத்தனை பெற்றோரும் முதல்வரைப் பார்த்தார்கள். "மரவேலைதாம்மா," என்றார்.

மேடையை விட்டு இறங்கும்போது குரலைத் தாழ்த்தினார். "மேடம், ரூமுக்கு வாங்க. உங்க ஒப்பந்தம் பத்திப் பேசணும்."

"வரேன் சார்."

நடையில் மூன்று மாணவிகள் அவளை மறித்தார்கள். "மேடம், நாங்களும் மாறலாமா?"

"உங்க அம்மா அப்பால்லாம் பஸ் ஏறிட்டாங்களா?"

"இல்ல மேடம், டீ குடிக்கறாங்க."

"அப்பக் கூட்டிக்கிட்டு சார் ரூமுக்கு வாங்க. நானும் அங்கதான் போறேன்."