கதியாலில் தொங்கிய நான்கு பைகள்

சென்ற வருடம் ஆவணி மாதத்தில் ஒரு காலை, கொக்கிளாயிலிருந்து முல்லைத்தீவு நகருக்குத் திரும்பும் பேருந்தில் நடந்தது இது.

எனக்கு ஊர் கிளிநொச்சிப் பக்கம், வட்டக்கச்சி. குடிசார் பொறியியல் படித்து முடித்திருந்தேன். அடுத்ததாகப் போக்குவரத்துப் பொறியியலில் முதுமாணிப் பட்டம் பெற வேண்டும் என்ற ஆசை ஒரு வருடமாக என்னை ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று என் விண்ணப்பத்தை இறுதிச் சுற்றுக்கு எடுத்து, காணொளி நேர்முகத்துக்கு அழைத்திருந்தது. அந்த நேர்முகம் அன்று பகல் பதினொரு மணிக்கு. முல்லைத்தீவில் சித்தி வீட்டிலிருந்து பேசுவதாக ஏற்பாடு.

என்னைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாடசாலை நாட்களிலிருந்தே நான் விவாதி. எதிரணி எத்தனை உயரமாக வாதத்தைக் கட்டியெழுப்பினாலும், மூன்றே நிமிடத்தில் அடித்தளத்தைக் கண்டுபிடித்து அசைத்துவிடுவேன். அந்தப் பெருமை எனக்கு அன்றும் இருந்தது. இன்று இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

நேர்முகத்துக்கு முன் ஓர் ஆய்வுத் திட்டமும் கேட்டிருந்தார்கள். கரையோரப் பேருந்துகள் ஏன் பிந்துகின்றன என்பதே நான் எடுத்த கேள்வி. சித்தி வீட்டில் தங்கி, விடியற்காலைப் பேருந்தில் கொக்கிளாய்க்குப் போவேன். அதே பேருந்து ஒன்பது மணிக்குத் திரும்பும்போது நானும் திரும்புவேன். மடியில் ஒரு படிவம். பேருந்து ஒவ்வோர் இடத்துக்கும் வந்த நேரம், அப்போது அங்கே நின்ற பயணிகள், புறப்பட்ட நேரம், தாமதத்தின் காரணம்.

முதல் நாளே தாமதம் நடக்கும் இடம் அகப்பட்டது. நாயாற்றுப் பாலத்துக்கு முன்னால் ஒரு பனங்கூடல். அதன் அருகே கடற்பக்கம் போகும் மணல் ஒழுங்கை. தரிப்பிடம் இல்லை, நிழல் இல்லை, ஆளும் இல்லை. சாரதி தூரத்திலேயே நீளமாக ஹோர்ன் அடித்து, அங்கே நிறுத்திவிட்டு ஆறு நிமிடம் காத்திருந்தார். பிறகு ஒழுங்கையிலிருந்து பெண்கள் இருவர் வேகமாக நடந்துவந்து ஏறினார்கள். இரண்டாம் நாளும் அப்படியே. நின்ற பயணிகள்: பூச்சியம். காரணம்: பிந்தி வருவோருக்காக விதியை மீறிக் காத்திருத்தல்.

எனக்கு உண்டான உற்சாகத்தைச் சொல்ல முடியாது. குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் அல்லவா! அன்று மாலையே திட்டத்தை எழுதி அனுப்பினேன். காத்திருக்காமல் புறப்படும் கண்டிப்பான விதி ஒன்று போதும் என்பது என் முடிவு.

மூன்றாம் நாள் போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் நேர்முகத்தில் மூன்று நாள் சான்று என்று சொன்னால் இன்னும் கம்பீரமாக இருக்குமே. போனேன். கொக்கிளாயில் மடிக்கணினிப் பையைச் சீற்றில் வைத்துவிட்டு, இறங்கிப்போய் ஒரு பிளேன்ரீ குடித்து வந்தேன். பேருந்து இரண்டு நிமிடம் பிந்திப் புறப்பட்டது. காரணமற்ற தாமதம் என்று குறித்துக்கொண்டேன்.

பனங்கூடலில் வழமைபோல ஹோர்ன், வழமைபோல நிறுத்தம். ஐந்தாம் நிமிடத்தில் மூன்று பெண்கள் ஏறினார்கள். பேருந்து அசையவில்லை. எட்டு நிமிடம், ஒன்பது நிமிடம். என் நேர்முகம் கண்முன்னே கரைந்துகொண்டிருந்தது. எழும்பிவிட்டேன்.

"ஒருவருக்காக நாற்பது பேர் காத்திருப்பது எந்த நீதி? நேரம் எல்லோருக்கும் பொதுவானது. அதை அள்ளி ஒருவருக்கே கொடுக்கும் அதிகாரத்தை இந்தப் பேருந்துக்கு யார் கொடுத்தது?"

பின் சீற்றில் யாரோ கை தட்டினார். நடத்துநர், என்னைவிட நாலைந்து வயது கூடியவராக இருப்பார், சிரித்துக்கொண்டே திரும்பினார்.

"தங்கச்சி, எங்கட கோயில் திருவிழாப் பட்டிமன்றத்திலை பேசினது நீங்கள்தானே? நல்ல குரல். ஆனா அங்கை மணி அடிக்கிறது நடுவர். இஞ்சை நான்."

பேருந்தே சிரித்தது. நான் விடவில்லை. பிந்தி வருகிறவர்களை ஏன் வளர்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பிந்தி வாறவையோ? ஆர் சொன்னது? அவை உங்களுக்கு முந்தி வந்திட்டினம். அந்தக் கதியாலைப் பாருங்கோ."

வேலியில் நட்டிருந்த பூவரசங் கதியால் தடி ஒன்றில் நீலப் பை ஒன்று தொங்கியது. அப்போதுதான் விளங்கப்படுத்தினார். அந்தப் பெண்கள் கரையில் உள்ள மீன் வாடிக் கொட்டில்களில் கருவாடு காயப்போடுகிறவர்கள். நகருக்குப் போக வேண்டியவர்கள் விடிய வந்து பையைக் கொழுவிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். கொக்கிளாய்க்குப் போகும்போதே நடத்துநர் பைகளை எண்ணிக்கொள்வார். திரும்பும்போது ஹோர்ன் கேட்டதும் அவர்கள் கை கழுவி வருவார்கள். கடைசிப் பை இறங்கும்வரை பேருந்து நகராது.

"இண்டைக்கு நாலு பை. மூண்டு ஏறிட்டுது."

சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அதை விடு தம்பி. கொக்கிளாயிலை ஒராள் பிளேன்ரீ குடிக்கப் போய் ரெண்டு நிமிசம் பஸ்ஸை மறிச்சவா. ஆரெண்டு கேள்."

"சீற்றிலை பை கிடந்தது அண்ணை," என்றார் நடத்துநர். "பை கிடந்தா ஆள் வந்தமாதிரித்தானே."

எத்தனையோ மேடைகளில் எத்தனையோ மறுப்புரைகளைக் கேட்டிருக்கிறேன். அன்றுதான் உட்கார்ந்து, என் படிவத்தில் எழுதிய 'காரணமற்ற தாமதம்' என்பதை நானே வெட்டினேன்.

நீலப் பைக்காரி ஓடி வந்தாள். என் வயதுதான் இருக்கும். மணிக்கட்டில் மீன் செதில் ஒட்டியிருந்தது. "குறை நினையாதையுங்கோ, இண்டைக்கு மீன் கூட," என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் இருந்தாள். பையிலிருந்து துவைத்து மடித்த துணியை எடுத்துக் கையைத் துடைத்தாள். உள்ளே ஒரு கிளினிக் அட்டை. பேருந்து அவளை விட்டுவிட்டு வந்திருந்தால் அடுத்த கிளினிக்வரை அவள் காத்திருக்க வேண்டும். அதைத்தான் நான் கண்டிப்பான விதி என்று எழுதி அனுப்பியிருந்தேன்.

என் மடியில் இருந்த தாள்களைப் பார்த்து, "பரீட்சைக்கோ போறியள்?" என்று கேட்டாள்.

"ஓம்."

"பயப்பிடாதையுங்கோ. அண்ணை நேரத்துக்குக் கொண்டுபோய் விடுவார்."

பதினொரு மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது சித்தி வீட்டு வாசலில் நின்றேன். நேர்முகத்தில் முதல் கேள்வியே, உங்கள் ஆய்வின் முடிவு என்ன என்பதுதான். மனப்பாடமாக வைத்திருந்த அழகான தொடக்கவுரை நாக்கின் நுனிவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் ஒருவேளை கைதட்டலே கிடைத்திருக்கும். விழுங்கிவிட்டேன்.

"நான் அனுப்பிய முடிவு பிழை. என் படிவத்தில் பைக்கு ஒரு கட்டம் இல்லை," என்றேன்.

திரையில் இருந்தவர்கள் எதையோ குறித்துக்கொண்டார்கள். இடம் போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு குழுவில் இருந்த பேராசிரியை ஒருவர் திரையை நெருங்கி வந்து கேட்டார்: "எத்தனை பைகள்?"

சொல்லத் தொடங்கினேன். ஹோர்ன், கதியால், வாடி, என் பிளேன்ரீ, எல்லாவற்றையும். பயணி நிற்கும் இடத்தை மட்டும் தேடாமல், பயணி வேலை செய்யும் இடத்திலிருந்து நேரத்தை எண்ணினால் என்ன? அந்த ஆறு நிமிடத்தையும் மறைக்காமல் எழுதிய ஒரு நேர அட்டவணையை உருவாக்கினால் என்ன? பேசப் பேச எனக்கே உடல் சிலிர்த்தது. இருபது நிமிடம் என்று சொன்ன நேர்முகம் நாற்பது நிமிடம் போனது. அன்று யாரும் மணி அடிக்கவில்லை.

இரண்டு வாரத்தில் அனுமதிக் கடிதம் வந்தது. இந்த வருடம் பயணம். போன கிழமை அதே பேருந்தில் ஏறி நடத்துநரிடம் செய்தியைச் சொன்னேன்.

"படிச்சிட்டுத் திரும்பி வருவியளோ, இல்லாட்டி அங்கையேயோ?" என்று கேட்டார்.

"என்ரை பையைச் சீற்றிலை வைச்சிட்டுத்தான் போறன் அண்ணை."

"அப்ப பஸ் நிக்கும்," என்றார்.

பனங்கூடலில் அன்று ஐந்து பைகள் தொங்கின. நான் இறங்கிப்போய் நிழல் எங்கே விழுகிறது, கூரை ஒன்று எங்கே வரலாம் என்று பார்த்துக் குறித்துக்கொண்டேன். என் முதுமாணிப் படிப்பின் முதல் குறிப்பு அதுதான். இப்போதும் மேடைகளில் எதிரணியை மறுக்க எழும்புகிறேன், பழைய வேகம் குறையவில்லை. ஆனால் வாயைத் திறக்கும்முன், நான் எண்ணாமல் விட்ட பை ஏதாவது வேலியில் தொங்குகிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன்.