மிட்டாய் மாஸ்டர் வாயைத் திறந்த கதை

பொறுமைசாலிகள் என்று பெயர் எடுத்தவர்களில் பாதிப்பேர் வேலை வெட்டி இல்லாதவர்கள். பொறுத்துக்கொள்ள அவர்களுக்கு நேரம் இருக்கிறது. பட்டப்பகலில், நடுரோட்டில், அடுத்தவருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டே பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவர் மிட்டாய் மாஸ்டர் ஒருவர்தான்.

டயர் கடைக்கு மேலே, ஒரு மேசையும் மூன்று நாற்காலியும் கொள்ளும் அறைதான் அவருடைய டிரைவிங் ஸ்கூல். கீழே நிற்கும் வெள்ளைக் கார்தான் வகுப்பறை. நான்கு பக்கமும் நசுங்கியிருக்கும் அந்தக் காரில் மாஸ்டரின் காலுக்கடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. மாணவர்கள் நடைபாதையில் ஏற்றுவார்கள், ரிவர்ஸ் கியரைப் போட்டுவிட்டு முன்னால் பார்ப்பார்கள், சிக்னலில் என்ஜினை அணைத்துவிட்டுப் பின்னால் ஹார்ன் அடிப்பவரிடம் கார் கண்ணாடியை இறக்கி மன்னிப்புக் கேட்பார்கள். மாஸ்டர் ஒரு வார்த்தை திட்டமாட்டார். முழங்காலுக்கு எதிரே இருக்கும் முன்பெட்டியைத் திறப்பார், எலுமிச்சை மிட்டாய் ஒன்றைப் பிரித்து வாயில் போடுவார், ரோட்டைப் பார்ப்பார். அவ்வளவுதான்.

"மனுஷனா அவரு? மகான்!" என்று பேசிக்கொண்டார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறு ஸ்கூல் இருந்தாலும் பஸ் ஏறி இவரிடம் வந்தார்கள். மாஸ்டரும் அது தன் பிறவிக் குணம் என்றே நம்பினார். கோபக்கார உறவினர்களுக்கு, கேட்காமலேயே, அறிவுரை வழங்கும் வழக்கமும் அவருக்கு இருந்தது.

இந்த மகானின் பெருமைக்கு முதல் அடி வாஷிங் மெஷினிலிருந்து விழுந்தது. தண்ணீர் வெளியேறாமல் அது நின்றுபோக, பழுது பார்க்க வந்த மெக்கானிக் உள்ளே கையை விட்டு ஒரு கைப்பிடி மஞ்சள் மிட்டாய்க் காகிதத்தை வெளியே எடுத்தார்.

"வீட்ல சின்னப் பசங்க நிறையவாம்மா?"

"ஒருத்தர்தான்," என்றாள் மாஸ்டரின் மனைவி. "ஐம்பது வயசு ஆகுது."

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊராரின் சர்க்கரை அளவெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அன்றே கணவரின் விரலைக் குத்திப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"அதான் ஒண்ணும் இல்லையே, அப்புறம் என்ன?" என்றார் மாஸ்டர்.

"ஒண்ணும் இல்லைன்னாதான் நிம்மதியா பரிசோதிக்க முடியும். ரெண்டு வாரம் சர்க்கரையை விட்டுப் பாருங்க. பழம் சாப்பிடலாம். மிட்டாய், பிஸ்கட், டீயில போடறது, எதுவும் கூடாது. அந்த ஆசை குறையுதா இல்லையான்னு பாப்போமே. சும்மா, தெரிஞ்சுக்கத்தான்."

"ரெண்டு வாரமா? ரெண்டு வருஷம்னாலும் நான் ரெடி. பொறுமையைப் பத்தி எங்கிட்டயா பேசற?"

பிற்பாடு அவர் மிகவும் வருந்திய வாக்கியம் இது.

இரண்டு வாரம் முடியும் அன்றுதான் மனைவிக்கு டிரைவிங் டெஸ்ட். ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தாள். மூன்றாவதும் போனால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஆனால் வேன் காத்திருக்காது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவதற்காக அவள் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு சின்ன வேன் வாங்கியிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் காட்டினால் வேன் அவள் பொறுப்பு. இல்லாவிட்டால் சக ஊழியர் ஒருத்தியின் பொறுப்பு. அந்தச் சக ஊழியர் ஊசியோடு வருவதைக் கண்டால் நோயாளிகளின் நரம்பு ஓடி ஒளிந்துகொள்ளும் என்று சொல்வார்கள். மாஸ்டரின் மனைவியோ ஜன்னல் இல்லாத கீழ்த்தள அறையில் டியூப் லைட்டைப் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவள். அந்த வேனுக்கு ஆறு ஜன்னல். அவள் எண்ணியிருந்தாள்.

இதில் விந்தை என்னவென்றால், கணவர் பக்கத்தில் இருந்தால் தண்ணீர் ஓடுவதுபோல ஓட்டுவாள். டெஸ்ட் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் முதல் சாலைச் சந்திப்பிலேயே சிலையாகிவிடுவாள். "அந்த ஆள் மூஞ்சி அப்படி," என்று மாஸ்டர் தீர்ப்புச் சொல்லியிருந்தார். அவருடைய மாணவர்கள் எல்லோருமே முதல் டெஸ்டில் தோற்றார்கள். எல்லாவற்றுக்கும் இன்ஸ்பெக்டரின் முகமே காரணம் என்று முடிவாகியிருந்தது.

நோன்பு தொடங்கியது. மாஸ்டர் ஓர் ஆராய்ச்சியாளராகவே மாறினார். ரொட்டிப் பாக்கெட்டை, தக்காளி சாஸ் பாட்டிலை, இருமல் மருந்தைக்கூடக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "இதுலயும் போட்டிருக்கான்! இதுலயும்!" என்று மூன்று வீடு கேட்கக் கூவினார். தலை வலித்தது. சர்க்கரை இல்லாத டீ தொண்டையில் இறங்க மறுத்தது. ஆனாலும் ஒன்று அவரை யோசிக்க வைத்தது: விடுமுறை நாள் முழுக்க வீட்டில் இருந்தபோது மிட்டாய் நினைப்பே வரவில்லை. மறுநாள் காரில் ஏறி, மாணவர் கிளட்சில் கால் வைத்த அந்த நொடி, நாக்கில் எச்சில் ஊறியது. ஆசை நாக்கில் இல்லை போலிருக்கிறதே, சீட்டில் அல்லவா இருக்கிறது!

அந்த மாணவர் ஒரு பல் டாக்டர். தெரு முனையில் அவர் இரண்டு வண்டிகளுக்கு நடுவே மனம்போனபடி வளைத்தார். மாஸ்டரின் கை முன்பெட்டிக்குப் போய், வெறுமையைத் தடவி, திரும்பி வந்தது. உடனே காருக்குள் ஒரு குரல் கேட்டது:

"இது என்ன ரோடா, உங்க வீட்டு ஹாலா?"

மாஸ்டர் திடுக்கிட்டுப் பின்சீட்டைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. பேசியது அவரேதான்.

டாக்டர் அடுத்த சந்திப்பில் காரை நிறுத்தினார். ரோடு காலியாக இருந்தது. கார் நகரவில்லை.

"மாஸ்டர், போகவா வேண்டாமா? ஒண்ணும் சொல்லமாட்டேங்கறீங்களே."

"நான் என்னைக்கு சொல்லியிருக்கேன், டாக்டர்?"

"வாயால சொன்னதில்ல. பல்லால சொல்வீங்க." டாக்டர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து விளக்கினார். "மிட்டாய் வாய்க்குள்ள உருண்டுக்கிட்டே இருந்தா எல்லாம் சரி. உருளறது நின்னா ஜாக்கிரதை. கடக்னு கடிச்சீங்கன்னா பிரேக். தொழில் பழக்கம் மாஸ்டர், பல் சத்தம் எனக்குத் தூக்கத்துலயும் புரியும்."

இது பல் டாக்டருக்கு மட்டுமே உரிய வியாதி என்று மாஸ்டர் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். இருந்தாலும் ஆராய்ச்சியாளர் அல்லவா. அடுத்த வகுப்புக்கு வந்த பூக்கடைக்கார அம்மாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவைத்தார்.

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே மாஸ்டர்," என்றார் அந்த அம்மா. "புதுசா சேர்றவங்களுக்கு நாங்களே சொல்லிக் கொடுத்துடுவோம். கடக்னா பிரேக்."

ஆக, அந்தப் பள்ளியின் பாடத்திட்டம் ஆசிரியரைத் தவிர அனைவருக்கும் தெரிந்திருந்தது. இத்தனை காலம் அந்தக் காரை ஓட்டியது மாணவர்கள் அல்ல, மாஸ்டரின் தாடை. இன்ஸ்பெக்டரின் முகத்தில் எந்தக் கோளாறும் இல்லை. அவர் வாயில் மிட்டாய் இல்லை, அதுதான் கோளாறு.

மாலையில் மனைவி சமையலறையில் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"திரும்பறதுக்கு முன்னாடி நீ என்ன செய்வ?"

"கண்ணாடியைப் பாப்பேன்."

"பாத்துட்டு?"

"பாத்துட்டு..." கத்தி நின்றது. "உங்க சத்தத்தைக் கேப்பேன்." கத்தியைக் கீழே வைத்தாள். "அடக் கடவுளே. நான் கண்ணாடியைப் பாக்கறேனே தவிர அதுல என்ன தெரியுதுன்னு பாத்ததே இல்லைங்க."

உடனே சாவியை எடுத்தாள். சந்தேகம் வந்தால் பரிசோதித்துவிட வேண்டும் அவளுக்கு.

ரவுண்டானா வரைக்கும் போனார்கள். காருக்குள் ஒரு சத்தமும் இல்லை. அங்கே அவள் நிறுத்தினாள், நிறுத்தினது நிறுத்தினதுதான். பின்னால் ஹார்ன்கள் கச்சேரி தொடங்கின. மாஸ்டர் பல்லைக் கடித்தார். கடிக்கப் பல்லைத் தவிர வேறொன்றும் இல்லாததால் வாய் திறந்துகொண்டது.

"போ! போயேன்! யாருக்காகக் காத்திருக்க? ரோடு உங்கிட்ட வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகுமா? கண்ணு எதுக்கு இருக்கு, மை போடவா?"

அவள் காரை எப்படியோ ஓரங்கட்டினாள். அழப்போகிறாள் என்று மாஸ்டர் பயந்தார். அவளோ இருக்கையில் முழுதாகத் திரும்பி, நுண்ணோக்கியில் புதுக் கிருமி ஒன்றைக் கண்டவள்போல அவரைப் பார்த்தாள்.

"இவ்வளவு நாளா இதெல்லாம் எங்கே வெச்சிருந்தீங்க?"

"மிட்டாய்க்குப் பின்னாடி," என்றார் மாஸ்டர் பரிதாபமாக.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"சொல்லுங்க, கேப்போம்."

சொன்னார். அவள் தங்கையோடு ஸ்பீக்கரில் போட்டு ஒரு மணி நேரம் பேசுவது பற்றி. ஹாலில் தொங்கும் பச்சைத் திரை பற்றி. அவருடைய செருப்பை அவளே எங்கோ எடுத்து வைத்துவிட்டு அவரையே தேடச் சொல்வது பற்றி. அவள் சிரிக்கத் தொடங்கினாள்.

"அந்தத் திரை எனக்கும் பிடிக்காதுங்க. நீங்க ஒண்ணும் சொல்லலையே, பிடிச்சிருக்குன்னு நெனச்சேன்."

மகானின் பொறுமை அன்றைக்கு அந்த ஓரத்தில், இன்டிகேட்டர் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருக்க, காலமானது.

டெஸ்டுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. மாஸ்டருக்கு ஒரு கெட்ட யோசனை உதித்தது. டெஸ்ட் அன்று இன்ஸ்பெக்டரின் கையைக் காலைப் பிடித்துப் பின்சீட்டில் இடம் வாங்கி, ஒரு மிட்டாயோடு உட்கார்ந்துவிட்டால் என்ன? இரண்டு வார விரதமும் அன்று முடிந்துவிடுகிறது. யாருக்கும் நஷ்டமில்லை.

"நல்ல யோசனை," என்றாள் மனைவி. "அப்புறம் தினம் வேன்ல வந்து கடிக்கறது யாரு?"

ஆகவே, டிரைவிங் ஸ்கூல் வரலாற்றில் இல்லாத பாடம் ஒன்று தொடங்கியது. ஆசிரியரை மதிக்காமல் இருக்கும் பயிற்சி. மாஸ்டர் மடியில் கேரட் துண்டுகளோடு உட்கார்ந்துகொள்வார். காலியான ரோட்டில் கடக்கென்று கடிப்பார். அவள் பிரேக் போடுவாள். "எதுக்கு நிறுத்தின? முன்னாடி என்ன இருக்கு?" "ஒண்ணும் இல்ல." "அப்ப போ." ஒன்றுமில்லாத இடத்தில் "ஐயோ!" என்று அலறுவார். சீட்டைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விடுவார். மார்பில் கை வைத்துக்கொள்வார். நாலு நாளில் மனிதர் நடிப்பில் வெகுவாகத் தேறிவிட்டார். அவளும் தேறினாள். அலறலுக்குக் கால் துள்ளியது குறைந்து, கண் மட்டும் ஒரு தரம் கண்ணாடிக்குப் போய்வரத் தொடங்கியது. இந்தத் தடவை அதில் என்ன தெரிகிறது என்று பார்த்தது.

இடையில் கேரட் இனிக்கிறது என்று மாஸ்டர் கண்டுபிடித்தார். வெங்காயம் இனித்தது. வெறும் பால் இனித்தது. அதில் யாரோ திருட்டுத்தனமாகச் சர்க்கரை போட்டுவிட்டார்கள் என்று மனைவியோடு சண்டைக்கே போனார்.

டெஸ்டுக்கு முதல் நாள், மார்க்கெட் பக்கம், மாஸ்டர் நிஜமாகவே அலறினார். சந்திலிருந்து சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே பாய்ந்துவிட்டார். அலறி முடித்துப் பார்த்தால் கார் ஏற்கெனவே நின்றிருந்தது. சைக்கிள்காரர் போயே போய்விட்டார்.

"பாத்தேன்," என்றாள் அவள். "நீங்க கேரட்டைச் சாப்பிடுங்க."

மறுநாள் காலை, கெடு முடிந்த மரியாதைக்காக, மாஸ்டர் ஓர் எலுமிச்சை மிட்டாயைப் பிரித்தார். மனைவி கையைக் கட்டிக்கொண்டு முடிவுக்குக் காத்திருந்தாள். வாயில் போட்டவர் முகத்தைச் சுளித்தார். "என்ன இது, கன்னத்துல அறையற மாதிரி இனிக்குது! இதையா தின்னுக்கிட்டிருந்தேன்?" துப்பினார். கொஞ்ச நேரம் கழித்து, சந்தேகம் தீர, இன்னொன்றைப் பாதி சாப்பிட்டார் என்பதையும் உண்மைக்காகச் சொல்லிவிட வேண்டும்.

டெஸ்ட் மைதானத்தின் ஓரத்தில் மரப்பெஞ்சு. மனைவியும் இன்ஸ்பெக்டரும் ஏறிய கார் கேட்டைத் தாண்டித் தெருவுக்குள் போனதிலிருந்து மாஸ்டர் அந்தப் பெஞ்சில் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. ஆறு ஜன்னல் வேன் கண்முன்னால் வந்து வந்து போனது. ரொம்ப நேரம் ஆனதுபோல் இருந்தது. கடைசியில் கார் திரும்பி வந்தது. இன்ஸ்பெக்டர் மட்டும் இறங்கி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி இவரை நோக்கி வந்தார்.

"உங்க வீட்டம்மாவா?"

"ஆமா சார். ஏதாவது...?"

"நான் போங்கறேன், அவங்க போகமாட்டேங்கறாங்க. 'ஒரு நிமிஷம் சார்'ங்கறாங்க. என்னடா இதுன்னு பாத்தா, ஒரு லாரி குடோன் கேட்லேருந்து ரிவர்ஸ்ல வருது. நான் கவனிக்கலை. அவங்க கவனிச்சிருக்காங்க." மூச்சு வாங்கினார். "பாஸ்."

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. உங்க ஸ்கூல் ஆளுங்க எல்லாரும் டெஸ்ட் முழுக்க என் வாயையே பாக்கறாங்க. பல்லுல ஏதோ ஒட்டியிருக்கு போலன்னு நான் தினம் ரெண்டு தடவை கூடுதலா தேய்க்கறேன். இந்தம்மா ஒருத்தர்தான் ரோட்டைப் பாத்தாங்க. என் வாயில அப்படி என்னதான் இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார்," என்றார் மாஸ்டர். அது சத்தியமான பதில்.

மனைவி ஆபீஸுக்குள் போய், புது லைசென்ஸோடு ஓடி வந்தாள். "லேப் மூடறதுக்குள்ள காட்டிட்டு வந்துடறேன், நீங்க பஸ்ல வீட்டுக்கு வந்துடுங்க," என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். கதவை மூடினாள். பெல்ட் போட்டாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். கார் புறப்பட்ட பிறகுதான் மாஸ்டருக்கு உறைத்தது: அவருடைய பை, போன், வீட்டுச் சாவி எல்லாம் பின்சீட்டில்.

"ஏய்! நில்லு! ஐயோ, என் பை!"

கையை ஆட்டினார். துள்ளினார். மார்பில் கை வைத்துக்கொண்டார். அவள் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்தது தெரிந்தது. நிதானமாக, முறையாகப் பார்த்தாள். பின்னால் வண்டி எதுவும் இல்லை.

மாஸ்டர் இன்னும் ஒரு முறை, முன்னைவிடச் சத்தமாக, அலறிப் பார்த்தார். கார் சிக்னல் போட்டு, அழகாகத் திரும்பிப் போனது.